ஸ்விஃப்ட்டுக்கு அட்ஜஸ்டபிள் கொயில்ஓவர்: நம்ம குமரி ரோட்டுக்கு எது ஒத்துவரும்?

தக்கலை_ஸ்விஃப்ட்:
அண்ணன்மாரே, வண்டி 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், 185/65 ஆர்15 டயர். முன் ஷாக் ரெண்டும் ஆயில் கசியுது, எப்படியும் மாத்தணும். அதோட கொயில்ஓவரே (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வர்ற, உயரம் மாத்தக்கூடிய செட்) போட்டுடலாமான்னு யோசனை. தினசரி தக்கலை – நாகர்கோவில், லீவு நாள்ல குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம், அப்பப்போ குளச்சல். பின் சீட்ல அப்பா, அம்மா இருப்பாங்க. 30 மி.மீ. இறக்கணும்னு ஆசை. கடையில ரெண்டு கிட் காட்டுறாங்க. ஒண்ணு முன்னாடி 5 கிலோ ஸ்பிரிங், 24 கிளிக் (ஷாக்கோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற படி). மற்றது 3 கிலோ, உயரம் மட்டும் மாத்தலாம். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். 24 கிளிக் உள்ளதை எடுக்கலாமா?

நாஞ்சில்_ஸ்பேனர்:
தம்பி, கிளிக்கை எண்ணாதீங்க, ஸ்பிரிங்கைப் பாருங்க. உங்க வண்டி ரெண்டு ஆளோட சுமார் 1,000 கிலோ. முன் வீல் ஒண்ணுக்கு மேல, ஸ்பிரிங் தாங்குற எடை கிட்டத்தட்ட 270 கிலோ வரும். இதுக்கு 3 கிலோ ஸ்பிரிங் (அதாவது ஒரு மி.மீ. அமுக்க 3 கிலோ) போட்டா நொடிக்கு ஏறக்குறைய 1.6 தடவை ஆடும். 5 கிலோ போட்டா 2-க்கு வந்துடும். வீட்டு ஆளுங்க உட்கார்ற வண்டிக்கு 1.2-லிருந்து 1.6 வரைதான் சொகம். நொடிக்கு 2 தடவைன்னா பள்ளம் ஒவ்வொண்ணும் அப்பாவோட இடுப்புல தெரியும். கிளிக்கைக் குறைச்சா ஸ்பிரிங் மெத்துன்னு ஆகாது, வண்டி துள்ளிக்கிட்டே போகும், அவ்வளவுதான்.

கிட்டு எந்த வகைன்னும் கேட்டுக்கோங்க. பில்ஸ்டீன் கம்பெனி பி14-ல உயரம் மட்டும் மாத்தலாம், பி16-ல டேம்பிங்கும் (ஷாக் ஆட்டத்தை அடக்குற இறுக்கம்) உண்டு. கேடபிள்யூல வேரியன்ட் 1 உயரம் மட்டும், 2-ல ரீபவுண்ட் (ஷாக் நீளும்போது உள்ள இறுக்கம்), 3-ல ரீபவுண்டும் கம்ப்ரெஷனும் (அமுங்கும்போது உள்ள இறுக்கம்) தனித்தனி. பிசி ரேசிங் பிஆர் மாதிரி ஒரே குமிழ் உள்ளதுல ரெண்டும் சேர்ந்தே மாறும். மெத்துன்னு வேணும்னு திருப்புனா ரீபவுண்டும் கூடவே தளர்ந்துடும். ஸ்பிரிங்குக்குப் பொருந்துற டேம்பர் உள்ள, உயரம் மட்டும் மாத்துற கிட்டு, பொருந்தாத 24 கிளிக் கிட்டை விட நல்லது. எங்கிட்ட கேட்டா 3 கிலோ.

இன்னொண்ணு: ஜப்பான், ஐரோப்பா ஸ்விஃப்ட் கிட் பேரு ஒண்ணுன்னு அப்படியே வாங்காதீங்க. நக்கிள் போல்ட் (ஷாக்கை வீல் பக்கம் பிடிக்கிறது) ரெண்டுக்கும் இடைவெளி, ஸ்டெபிலைசர் லிங்க் பிராக்கெட், ஏபிஎஸ் வயர் கிளிப் மூணையும் பழைய ஷாக் பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க.

மார்த்தாண்டம்_கியர்:
30 மி.மீ. வேண்டாம், ப்ரோ. ஸ்விஃப்ட்டு காலியா நிக்கும்போது 163 மி.மீ. கிளியரன்ஸ். நாலு பேரும் பையும் ஏறினா ஒரிஜினல் ஸ்பிரிங்லயே 30-40 போயிடும். மேல 30 இறக்கினா 100-க்கு கொஞ்சம் கீழயோ மேலயோ நிக்கும். நாட்டுல விதியா எழுதி வச்சிருக்குற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஸ்விஃப்ட்டோட வீல்பேஸ் 2,450 மி.மீ. முன், பின் வீல் ரெண்டும் அது மேல நிக்கும்போது நடுவுல 44 மி.மீ. தான் தின்னும், அது பரவாயில்ல. ஆனா ரப்பர் தோட்டத்து உள்ரோட்ல, தெரு முக்குல, குறுகலா முட்டு மாதிரி கட்டி வச்சிருக்கான் பாருங்க, அது முழு உயரத்தையும் எடுத்துடும். அடியில இருக்குற சைலன்சர் பைப்புதான் முதல்ல வாங்கிக் கட்டும்.

பேச்சிப்பாறை ரோட்டுக்குத் தேவை டிராவல், அதாவது ஷாக் மேல கீழ ஓடுற தூரம். வழக்கமா ஸ்பிரிங் தட்டை கீழ இறக்கும்போது, வண்டி இறங்குற அளவு பம்ப் டிராவலும் (ஷாக் அமுங்க மிச்சமிருக்குற தூரம்) குறையும். அப்புறம் ஷாக் பம்ப் ஸ்டாப்பிலேயே (முழுசா அமுங்கும்போது தடுக்குற ரப்பர்) உட்கார்ந்து ஓடும், எவ்வளவு நல்ல கிட்டா இருந்தாலும் கட்டை வண்டிதான். அடிப் பிராக்கெட்டையே திருகி உயரம் மாத்துற டைப்புல டிராவல் அப்படியே இருக்கும், கிடைச்சா அதை எடுங்க. எவ்வளவு டிராவல் மிச்சம்னு அறிய டஸ்ட் கவரைத் தூக்கி, ராடுல கேபிள் டை ஒண்ணு இறுக்கிடுங்க. வழக்கமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து, டை பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு கீழ தங்கியிருக்குன்னு பாருங்க. அதுக்குப் பிறகு 10-15 மி.மீ. இறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்.

நாஞ்சில்_ஸ்பேனர்:
மாட்டும்போது நம்ம பக்கம் நடக்குற தப்புகள்:

ஷாக் ராடு நட்டை இம்பாக்ட் கன்ல அடிக்கிறாங்க. ராடும் சேர்ந்து சுத்தி, உள்ள இருக்குற சீல் அறுந்துடும், புது ஷாக் கொஞ்ச நாள்லயே ஆயில் விடும். ராடை ஹெக்ஸ் சாவியால பிடிச்சுக்கிட்டு, கையால இறுக்கச் சொல்லுங்க.

பழைய டாப் மவுண்டையும் (ஷாக்கை மேல பாடியில பிடிக்கிற ரப்பர்) பேரிங்கையும் திரும்பப் போடுறாங்க. ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொங்'குன்னு தாவும், சத்தம் கிட்டுல இருந்து வருதுன்னு குழப்பம். ரெண்டும் புதுசு வாங்குங்க.

பின்னாடி பீம் புஷ், முன் லோயர் ஆர்ம் புஷ் எல்லாத்தையும் வண்டி தூக்கியிருக்கும்போதே டைட் வைக்கிறாங்க. தரையில இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், உயரமும் தப்பா வரும், சீக்கிரம் கிழியும். வீல் தரையில நிக்கும்போதுதான் கடைசி டைட். டார்க் (எவ்வளவு இறுக்கணும்) அளவு சர்வீஸ் மேனுவல் சொல்றபடி.

உயரத்தை மட்கார்டு ஓரத்துலருந்து வீல் நடுவு வரை நாலு பக்கமும் மாட்டுறதுக்கு முன்னாடியே அளந்து எழுதி வைங்க. தரையிலிருந்து அளந்தா டயர் காத்து ஏமாத்தும். 200-300 கி.மீ. ஓடினதும் ஸ்பிரிங் உட்காரும். திரும்ப அளந்து சரி பண்ணி, அதுக்கப்புறம் அலைன்மென்ட். முன்ஷாக் ரெண்டு போல்ட்ல நிக்கிறதால கழட்டினாலே கேம்பர் (வீல் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்) மாறும், டோவும் (வீல் முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற அளவு) மாறும். விட்டா முன் டயர் உள்பக்கம் ரம்பமா தேயும்.

தக்கலை_ஸ்விஃப்ட்:
சரி அண்ணே, 3 கிலோவே எடுக்கிறேன். குளச்சல் உப்புக் காத்துல திரெட் பிடிச்சுக்காதா? ஆர்டிஓ பிரச்னை வருமா?

மார்த்தாண்டம்_கியர்:
பிடிக்கும். ஸ்டீல் பாடியில அலுமினியம் வளையம், நடுவுல உப்புத் தண்ணி: ரெண்டு மழைக் காலத்துக்குப் பிறகு சி-ஸ்பேனர் (வளையத்தைத் திருப்புற கொக்கிச் சாவி) வளையுமே தவிர வளையம் அசையாது. கேடபிள்யூ மாதிரி ஸ்டெயின்லெஸ் பாடி உள்ளது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். எதுவானாலும் கடல்புறம் போயிட்டு வந்தா நல்ல தண்ணில அடிச்சுக் கழுவி, காஞ்சதும் மெழுகு வகை ஸ்ப்ரே. கிரீஸ் பூசாதீங்க. குவாரித் தூசு இந்த ஜில்லாவுல எங்கேயும் உண்டு, கிரீஸ்ல ஒட்டி உப்புக் காகிதம் ஆயிடும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் வளையத்தை அரைச் சுற்று அசைச்சுத் திரும்ப வைங்க.

ஆர்டிஓ விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 (வண்டியில மாற்றம் பண்றது பத்தினது). 2019-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறா எது பண்ணினாலும் இடர்தான். டி.என். 74-ஆ இருந்தாலும் 75-ஆ இருந்தாலும், வண்டி எந்த ஆபீஸோ அங்க முன்கூட்டியே எழுத்துல கேட்டுக்கோங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் போட்டு, பதிலை வச்சுக்கோங்க. கழட்டின ஒரிஜினல் ஸ்பிரிங்கை ஆக்கர்காரனுக்கு (பழைய இரும்பு எடுக்கிறவன்) போட்டுடாதீங்க.