ராத்திரி சாப்பிடாத கார்த்திக்கு

கோமதி: அண்ணே, இவன் ஒரு வாரமாக ராத்திரி சோறே தொடுவதில்லை. காலையில் ரெண்டு முட்டை, அதிலும் மஞ்சளை எடுத்து ஒதுக்கிவிடுகிறான். கேட்டால் புரூஸ் லீ மாதிரி உடம்பு வேண்டுமாம். நேற்று சிலம்பம் முடிந்து வந்தவன் தலை சுற்றுது என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்த்தி: அம்மா, இதையெல்லாம் குழுவில் போடணுமா? மாமா, போட்டிக்குள் வயிற்றில் கோடு தெரிய வேண்டும், கை கால் முறுக்கேறி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சங்கரன்: ஏல கார்த்தி, ஆசை நல்ல ஆசைதான், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ போட்ட போட்டோவில் தெரிவது வயிற்றுத் தசை இல்லை, விலா எலும்பு. போன வாரம் மைதானத்தில் நீ இரட்டைக் கம்பு சுற்றும்போது பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். முதலில் கம்பு காற்றைக் கிழித்துச் சத்தம் போட்டது. மூன்று நிமிஷம் ஆவதற்குள் சத்தம் போய்விட்டது, மணிக்கட்டு தொங்குகிறது, காலடி மாற்றும்போது பின்னங்கால் குதி தரையில் போய் அறைகிறது. அது பயிற்சிக் குறைவு இல்லை, பட்டினி.

இசக்கிமுத்து: மாமா, கொழுப்பு குறைய வேண்டும் என்றால் சாப்பாட்டைக் குறைக்கத்தானே வேண்டும்? அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கே.

சங்கரன்: இருக்கு. கொழுப்பு இருக்கிறவன் குறைக்கட்டும், அதையும் மெதுவாக. வாரத்துக்கு உடம்பு எடையில் அரை சதவீதம், மிஞ்சிப்போனால் ஒரு சதவீதம். 62 கிலோ ஆளுக்கு 300 முதல் 600 கிராம் வரை. அதைவிட வேகமாக இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். இவனிடம் கரைக்க என்ன இருக்கு? இவனுக்குத் தசை ஏற வேண்டும் மாப்பிள்ளை.

சங்கரன்: புரூஸ் லீ பேரை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1964 கடைசியில் அமெரிக்காவில் ஓக்லாண்டில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ வீரரோடு அவருக்கு ஒரு மோதல். யார் ஜெயித்தது என்று இன்றைக்கு வரைக்கும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அது கிடக்கட்டும். சண்டை நினைத்ததைவிட இழுத்தது, மூச்சு வாங்கியது, அதில் அவருக்கே திருப்தி இல்லை. அதற்கு அப்புறம்தான் ஓட்டம், ஸ்கிப்பிங், சைக்கிள், பளு, முன்கைக்குத் தனிப் பயிற்சி என்று வெறியாக இறங்கினார். மூச்சு பத்தவில்லை என்று ஆரம்பித்தவருக்கு வயிற்றில் கோடு தானாக வந்தது. நீ கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறாய். அவருமே 1970ல் உடம்பைச் சூடுபடுத்தாமல் பளுக்கம்பியைத் தோளில் வைத்துக் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அதனால் கம்பைத் தொடும் முன் பத்து நிமிஷமாவது உடம்பைச் சூடாக்காமல் ஆரம்பிக்காதே.

செல்வி: கார்த்தி, சித்தி ஒரு கணக்கு சொல்கிறேன், நர்ஸ் வேலையில் தினம் பார்க்கிற விஷயம். தசை ஏற வேண்டும் என்று பயிற்சி செய்கிறவனுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். உன் 62 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பக்கம் வரும். ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சளில் இருக்கு. ரெண்டு வெள்ளைக்கருவில் உனக்குக் கிடைப்பது ஏழு கிராம். மீதிக்கு எங்கே போவாய்? முழு முட்டையாகச் சாப்பிடு. தூத்துக்குடிச் சாளை மீன் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக் குழம்பு வைக்கச் சொல். பருப்பு, தயிர், ஒரு கை வேர்க்கடலை தினமும் சேர்த்துக்கொள். சோறும் வேண்டும், அது இல்லாமல் கம்பு சுற்றத் தெம்பு எங்கிருந்து வரும்?

எழில்: சித்தி, நானும் வகுப்பு நாளில் ராத்திரி சாப்பிடுவதில்லை. வகுப்பில் எங்கள் கூட்டம் முழுக்க அப்படித்தான்.

செல்வி: ஏட்டி, நீயுமா? இப்பவே போன் பண்ணு, தனியாகப் பேச வேண்டும். பயிற்சி கூட, சாப்பாடு குறைய என்று போனால் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றேகூடப் போகும். எலும்பு வலுவிழக்கும். உன் வயதில்தான் எலும்பு இறுக வேண்டும், அப்புறம் அந்த வாய்ப்பு வராது. கூட்டத்துப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்.

இசக்கிமுத்து: புரத மாவு வாங்கலாமா சித்தி? ஜிம்மில் ஒருத்தர் மாத்திரையும் தருகிறார்.

செல்வி: மாவு என்பது பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான், சாப்பாட்டில் எட்டவில்லை என்றால் வாங்கு. மாத்திரை, ஊசி என்று யார் நீட்டினாலும் தொடாதே. பேர் ஒட்டாத டப்பாவில் என்ன இருக்கு என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

கார்த்தி: சரி சித்தி. மாமா, அப்போ பயிற்சியை எப்படி வைக்கட்டும்? தினமும் ரெண்டு மணி நேரம் கம்பு மட்டும் சுற்றுகிறேன்.

சங்கரன்: கம்பைக் குறைக்க வேண்டாம், ஆனால் கம்பு மட்டும் போதாது. வாரத்தில் மூன்று நாள் வலுவுக்கு. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது, அப்புறம் கர்லாக்கட்டை, அதுதான் கையில் பிடித்துச் சுற்றுகிற கனமான மரக்கட்டை. கட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும்போது முழங்கை காதை ஒட்டிப் போக வேண்டும், கட்டை முதுகில் உரசாமல் இறங்க வேண்டும், இடுப்பு வளையக் கூடாது, அடிவயிற்றை இறுக்கிப் பிடி. நீ தேடுகிற வயிறு அந்த இறுக்கத்தில்தான் இருக்கு. எளிதாகச் செய்ய முடிகிறது என்றால் கட்டையின் எடையைக் கூட்டு, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதே. மற்ற நாளில் ஸ்கிப்பிங், மூன்று நிமிஷம் குதி, ஒரு நிமிஷம் ஓய்வு, திரும்பக் குதி. குறுக்குத்துறையில் தாமிரபரணி ஆற்றில் நீந்துவது தோளுக்கும் மூச்சுக்கும் நல்லது, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் மட்டும் ஆற்றில் இறங்காதே. ஒரு நாள் முழு ஓய்வு. போனைத் தூர வைத்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கு, தசை வளர்வது தூக்கத்தில்தான். 2024 ஜனவரியில் நம்ம மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்களே, அந்த வீடியோ கிடைத்தால் பார். வயிற்றைப் பார்க்காதே, காலைப் பார்.

ஆச்சி (குரல் செய்தி, எழில் தட்டச்சு செய்தது): ஏ கோமதி, அவனுக்கு உளுந்தங்களி கிண்டிக் குடு. தொலி உளுந்து போடு, கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஊத்து, நல்லெண்ணெய் கை நிறைய விடு, களி கரண்டியில ஒட்டாம சுருண்டு வரணும். ஞாயித்துக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் கோழிக்குழம்பும் வை, பிள்ளையளை எல்லாம் இங்க அனுப்பு.

செல்வி: நல்லெண்ணெயை மட்டும் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள் அம்மா. மற்றபடி 100 கிராம் உளுந்தில் 24 கிராம் புரதம் இருக்கு, தாராளமாகக் கொடுக்கலாம்.

கார்த்தி: மாமா, நாளைக்கு மைதானத்துக்குக் கர்லாக்கட்டை கொண்டு வருவீர்களா?

சங்கரன்: கொண்டு வருகிறேன். உனக்கு நாலு கிலோ கட்டை, எழிலுக்குச் சின்னது ஒன்று இருக்கு, அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஆறு மணிக்கு. வெறும் வயிற்றோடு வர வேண்டாம், வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.