பழைய நுட்பத்தில் தொடங்கிய தைவான், சிப் தொழிலில் எப்படி முன்னேறியது?

கேள்வி: பொருளியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். குஜராத்தின் தொலேராவில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான பி.எஸ்.எம்.சி.யின் துணையோடு டாடா குழுமம் 91,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமைக்கும் ஆலை, 28 நானோமீட்டரும் அதற்கு முந்தைய நுட்பங்களும் கொண்டே இயங்கும் என்று படித்தேன். (சிப்பில் பொறிக்கும் கோடுகளின் நுண்மையைக் குறிக்கும் எண் இது; எண் சிறிதாகச் சிறிதாக நுட்பம் புதிது.) உலகம் 3 நானோமீட்டரைத் தொட்டுவிட்ட நிலையில், இவ்வளவு பின்னாலிருந்து ஒரு நாடு தொடங்குவதால் பயன் உண்டா? தைவானும் பழைய நுட்பத்தில்தான் தொடங்கியது என்கிறார்கள். அங்கு நடந்தது என்ன? அரசு பணத்தைக் கொட்டியதுதான் முழுக் காரணமா?

மறுமொழி: தொழில் வரலாற்று வாசகர்

பணம் காரணந்தான், ஆனால் அது எதற்குச் செலவானது என்பதே முக்கியம். 1974 பிப்ரவரியில் தைபேயின் ஒரு சோயாப்பால் கடையில், பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவானும் அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்.சி.ஏ.வின் ஆய்வகத்தைச் சேர்ந்த பான் வென்-யுவானும் உட்பட ஏழு பேர் காலை உணவுக்குக் கூடினார்கள். நான்கு ஆண்டுகளும் ஒரு கோடி டாலரும் இருந்தால் ஒருங்கிணைந்த சுற்றுகளை, அதாவது சிப்புகளை, தைவானிலேயே செய்ய முடியும் என்றார் பான். 1976இல் ஆர்.சி.ஏ.வுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தைவான் வாங்கியது 7 மைக்ரான் நுட்பம் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்). முன்னணி நிறுவனங்கள் அப்போதே அதைவிட நுண்ணிய கோடுகளுக்குப் போயிருந்தன. ஆனால் வரைபடங்களையும் எந்திரங்களையும் மட்டும் வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட இளம் பொறியாளர்கள் அமெரிக்காவுக்குச் சென்று, வடிவமைப்பு, உற்பத்தி, சோதனை என்று தனித்தனிக் குழுக்களாகப் பயின்று வந்தார்கள். 1977இல் தைவானின் ஷின்சு நகரில் அரசு ஆய்வுக் கழகத்தின் முன்மாதிரி ஆலை இயங்கத் தொடங்கியது. கைக்கடிகாரத்துக்கான சிப்புகளே அதன் தொடக்ககாலப் பொருள்கள். சில மாதங்களிலேயே அதன் விளைச்சல், கற்றுக்கொடுத்த ஆர்.சி.ஏ.வின் விளைச்சலையே முந்திவிட்டது. என் பார்வையில் தைவானின் கதை உண்மையில் தொடங்கும் இடம் அதுதான்.

மறுமொழி: தூய்மை அறைப் பொறியாளர்

அந்த "விளைச்சல்" என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். ஒரு வேஃபரில் (சிலிக்கான் மென்தகட்டில்) அச்சிடப்படும் சிப்புகளில் எத்தனை வேலை செய்கின்றன என்பதே விளைச்சல். நூறு படிகள் கொண்ட உற்பத்தியில், ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 சிப்புகள் பழுதில்லாமல் தப்பினாலும், இறுதியில் தேறுவது ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே. படிதோறும் நேரும் சிறு இழப்பு பெருகிக்கொண்டே போவதால், ஆலை பிழைப்பதும் மூடப்படுவதும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஆலையில் ஒருமுறை விளைச்சல் திடீரெனச் சரிந்தது. எந்திரங்களின் பதிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு, பழுதான சிப்புகள் எப்போதும் வேஃபரின் ஒரே ஓரத்தில் குவிவதை ஒரு மூத்த தொழில்நுட்பர் கவனித்தார். அந்த ஓரம், கழுவும் தொட்டியில் வேஃபர் இறங்கும்போது முதலில் நனையும் பக்கம். தொட்டியின் குழாய் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களை உதிர்த்துக்கொண்டிருந்தது. இத்தகைய அறிவு எந்த ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலும் வராது. கைபழகியவர்களோடுதான் அது வரும். பழைய நுட்பமாக இருந்தாலும், சொந்த ஆலையில் தவறு செய்து திருத்தும் வாய்ப்பு தைவான் பொறியாளர்களுக்குக் கிடைத்ததே பெரிது.

மறுமொழி: சிப் வடிவமைப்பாளர்

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். கற்றவர்கள் அரசு ஆய்வுக் கழகத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அது நல்ல ஆய்வகமாக மட்டும் இருந்திருக்கும். தைவான் அவர்களை வெளியே அனுப்பியது. 1980இல் யு.எம்.சி. என்ற சிப் நிறுவனம் அந்தக் கழகத்திலிருந்து பிரிந்தது. அதே ஆண்டு ஷின்சு அறிவியல் பூங்கா திறக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பொறியாளர்களின் குழந்தைகளுக்காக அங்கே இருமொழிப் பள்ளியும் பிறகு அமைந்தது. குடும்பம் வராவிட்டால் ஆள் வரமாட்டார் என்பதை அரசு உணர்ந்திருந்தது.

அமெரிக்கச் சிப் நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 ஆண்டுகள் பணியாற்றிய மோரிஸ் சாங் 1985இல் ஆய்வுக் கழகத்தின் தலைவராக வந்தார். 1987இல் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனம் தோன்றியபோது முதலீட்டில் ஏறத்தாழப் பாதி அரசுடையது. கால் பங்குக்குச் சற்று மேல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் கொடுத்தது. சொந்தப் பெயரில் சிப் விற்பதில்லை, பிறர் வரைந்ததை மட்டுமே செய்து தருவோம் என்பது அதன் கொள்கை. அதனால் போட்டியாளர் என்ற அச்சமின்றி எல்லோரும் வடிவங்களை ஒப்படைத்தார்கள். ஆலை கட்டப் பணமில்லாத என்னைப் போன்ற வடிவமைப்பாளர்களுக்கும் வழி திறந்தது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியென்றால் 28 நானோமீட்டரில் தொடங்குவது பிழையில்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி: தொழில் வரலாற்று வாசகர்

பிழையில்லை. வாகனங்கள், திரைகள், மின்சக்திக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு வேண்டிய சிப்புகளில் பெரும்பகுதி இன்றும் இத்தகைய நுட்பங்களில்தான் தயாராகிறது. நான் கவனிக்கப்போவது வேறொன்று: பயிற்சிக்காகத் தைவானுக்கு அனுப்பப்படும் பொறியாளர்கள் திரும்பி வந்து எத்தனை ஆண்டுகள் ஆலையில் நிலைக்கிறார்கள், பிறகு எங்கே போகிறார்கள் என்பதை. 1997இல் யு.எம்.சி.யிலிருந்து பிரிந்து, பின்னர் கைப்பேசிச் சிப்புகளில் உலகின் முன்வரிசைக்கு வந்த மீடியாடெக்கை நிறுவிய ட்சாய் மிங்-காய், 1970களில் ஆர்.சி.ஏ.வுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட அந்த இளைஞர்களில் ஒருவர்.