குறியை கேமே பிடித்துக் கொடுத்தால்? ஸ்டெல்த் கேம் ஆடுபவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

ஸ்டெல்த் கேம்களில், அதாவது எதிரி கண்ணில் படாமல் பதுங்கி ஆடும் கேம்களில், ஆட்டோ எய்ம் (குறியை கேமே பிடித்துக் கொடுப்பது) பற்றிப் பேச்செடுத்தால் ரெண்டே வரியில் சண்டை முடிந்துபோகிறது. ஒருவர் "இது ஏமாற்று வேலை" என்பார். இன்னொருவர் "பிடிக்கலேன்னா ஆஃப் பண்ணிட்டு ஆடு" என்பார். அதோடு சரி. இங்கே அப்படி வேண்டாம். எந்த கேம், எந்த இடம், அந்த உதவி உங்கள் ஆட்டத்தை என்ன செய்தது என்று நடந்ததை எழுதுங்கள்.

முதலில் நான். 2010இல் வந்த ஸ்ப்ளின்டர் செல் கன்விக்‌ஷன். அதில் மார்க் அண்ட் எக்ஸிக்யூட் என்று ஒன்று உண்டு. எதிரிகள்மேல் குறி வைத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் நாயகன் சாம் ஃபிஷர் அத்தனை பேரையும் தானே சுட்டு வீழ்த்திவிடுவார். நாம் குறி பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்த வசதி சும்மா கிடைப்பதில்லை. முதலில் ஒருவனை நெருங்கிப் போய்க் கையால் வீழ்த்த வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தினால் தீர்ந்தது, மறுபடி வேண்டுமென்றால் மறுபடி ஒருவனைக் கையால் முடிக்க வேண்டும். எத்தனை பேரைக் குறிக்கலாம் என்பதும் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பொறுத்தது.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு கட்டம். பெரிய கூடம், நான்கு காவலர்கள். மூன்று பேர் நடுவில், ஒருவன் மட்டும் ஜன்னல் பக்கம். வெளியே விளிம்பில் தொங்கியபடி ஜன்னல்காரனை இழுத்துக் கீழே போட்டேன். அந்த வசதி கிடைத்தது, மூன்று பேரையும் குறித்தாயிற்று. இனி தட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். குறித்தவன் சுடும் கோணத்தில் இருந்தால்தான் அவன் தலைக்கு மேலுள்ள அம்பு அடையாளம் சிவப்பாகும். ஒருவன் தூணுக்குப் பின்னால் போவான், அவன் வெளியே வரும்போது இன்னொருவன் படிக்கட்டில் இறங்கியிருப்பான். தொங்கியபடியே இடம் மாறி இடம் மாறி, மூன்றும் சேர்ந்து சிவக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். சுட்டது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. எனக்கு இனித்தது அந்தக் காத்திருப்புதான். கை வேலையை கேம் எடுத்துக்கொண்டது, மூளை வேலையை என்னிடமே விட்டுவைத்தது. இதை ஸ்டெல்த்துக்குச் செய்த துரோகம் என்று நான் நினைக்கவில்லை.

பதில் 1

தல, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நான் இந்தத் தொடரை 2002இல் வந்த முதல் கேமிலிருந்து ஆடுகிறேன். அதில் நடந்துகொண்டே சுட்டால் க்ராஸ்ஹேர் (தோட்டா படும் இடத்தைத் திரையில் காட்டும் குறி) விரிந்துவிடும். குனிந்து, அசையாமல் நின்று, அது சுருங்கும்வரை பொறுக்க வேண்டும். தோட்டாவும் கொஞ்சம்தான் இருக்கும். 2005இல் வந்த கேயாஸ் தியரியில் ஒரு விளக்கை உடைக்கப் பார்த்து, குறி தவறி, தோட்டா சுவரில் பட்டது. அந்தச் சத்தத்துக்கே ஒருவன் டார்ச்சோடு தேடிக்கொண்டு வந்துவிட்டான். சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். அவன் எனக்கு எதிரே நின்று வெளிச்சத்தை அடித்துவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனான். இந்த கேம்களில் நான் பிறரிடம் சொல்லும் கதை எல்லாமே இந்த மாதிரி, குறி தவறியதால் வந்தவை. தவறவே தவறாது என்றால் அந்தக் கதை எங்கிருந்து வரும்?

அப்புறம் இன்னொன்று. கன்விக்‌ஷனில் ஓரிடத்தில் சாமுக்குக் கோபம் தலைக்கேறும். அந்தக் கட்டத்தில் மட்டும் யாரையும் கையால் வீழ்த்தாமலே அந்த மார்க் அண்ட் எக்ஸிக்யூட் கிடைத்துக்கொண்டே இருக்கும். கதைக்கு அது பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆடும்போது என்ன நடக்கிறது? கதவைத் திற, குறி வை, தட்டு, அடுத்த கதவு. அந்த நடைவழியில் யார் எங்கே நின்றார்கள் என்று ஒன்றுகூட என் மனதில் தங்கவில்லை.

பதில் 2

அந்தக் கோபக் கட்டம் தொடக்கப் பதிவுக்குத்தான் சாட்சி சொல்கிறது. சம்பாதித்துப் பயன்படுத்து என்ற விதி போனதும் ருசியும் போய்விட்டது. கோளாறு இலவசமாகக் கொடுத்ததில் இருக்கிறது. இதே தொடரில் 2013இல் வந்த பிளாக்லிஸ்டில் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் என்ற மிகக் கடினமான நிலையை வைத்து ஆடினால் இந்த வசதியே கிடையாது. ரெண்டு விதமாகவும் ஆடினேன். வசதி இருக்கும்போது கும்பலைத் தேடிப் போவேன். இல்லாதபோது அதே கும்பலைச் சுற்றிக்கொண்டு குழாய் வழியாக ஏறிப் போய்விடுவேன். எது உயர்ந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, ரெண்டும் பிடித்தது.

பதில் 3

எனக்கு வலது கை நடுங்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கை மெல்ல நகர்த்தித் தலைக்குக் குறி வைப்பது என்பது எனக்கு எந்த நாளும் நடக்காத காரியம். அதனால் நெடுநாள் இந்த வகை கேம்களைப் பிறர் ஆடப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தது. எல்லாரும் ஆட முடிய வேண்டும் என்று சேர்த்த செட்டிங்குகள் மட்டும் அதில் 60க்கு மேல். அதில் ஒன்று லாக் ஆன் எய்ம். குறி பார்க்கும் பட்டனை அழுத்தினால் எதிரியின் உடம்பில் போய் நிற்கும். தலைக்கு வேண்டுமானால் ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும், காலுக்கு என்றால் கீழே. இந்த ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

இனி, இது ஆட்டத்தைச் சுலபமாக்கிவிட்டதா என்று கேட்பவர்களுக்காக ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். உயரப் புல்லில் படுத்திருக்கிறேன். எதிரே நாயோடு ஒருத்தி, கொஞ்சம் தள்ளி ரெண்டு பேர். நாய் என் வாடையைப் பிடித்துக்கொண்டு நான் ஊர்ந்து வந்த தடத்திலேயே வருகிறது. கையில் ஒரே ஒரு அம்பு. நாயை அடித்தால் அவள் கத்துவாள். அவளை அடித்தால் நாய் என்மேல் பாயும். தள்ளி நிற்பவனை அடித்தால் அவன் கூட்டாளி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவான், அந்த கேமில் எதிரிகளுக்குப் பேர் உண்டு. லாக் ஆன் எனக்கு இதில் எதைச் சொல்லிக் கொடுத்தது? ஒன்றையும் சொல்லவில்லை. நானே முடிவெடுத்தேன்: அம்பை விடவில்லை, தடத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் ஊர்ந்து, வேலிக்கு அடியில் புகுந்து வெளியே போனேன். நடுங்கும் கையோடு ஒருவன் தன் புத்தியால் தப்பித்தான். இதை ஏமாற்று என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது.

பதில் 4

3ஆம் பதிலைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எய்ம் அசிஸ்ட் என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர உள்ளே நடப்பது பல வேலை. ஒன்று, எதிரிமேல் வரும்போது க்ராஸ்ஹேரின் வேகத்தைக் குறைப்பது. ரெண்டு, எதிரி நகர்ந்தால் க்ராஸ்ஹேரையும் கூடவே கொஞ்சம் இழுப்பது. மூன்று, குறி பார்க்கும் பட்டனை அழுத்தியதும் பக்கத்தில் இருப்பவன்மேல் ஒட்டவைப்பது. நான்கு, தோட்டாவையே லேசாக எதிரி பக்கம் வளைப்பது. மவுஸில் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் இவை இருக்காது. கட்டைவிரல் ஸ்டிக்குக்காக வந்தவை இவை.

இதில் முதலாவது, ஸ்டெல்த் கேமில் தேவையில்லாத ஒரு வேலையையும் செய்துவிடும். ஒரு கேமில் இருட்டான புதர்ப் பக்கம் சும்மா பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் ஸ்டிக் கனத்தது. அங்கே ஒருவன் படுத்திருக்கிறான்! என் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்துவிட்டது. குறிக்கு உதவ வைத்தது உளவு சொல்ல ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து புது கேம் எதைத் தொடங்கினாலும் முதலில் அதைச் சோதித்துப் பார்த்து, உளவு சொன்னால் அணைத்துவிடுகிறேன்.

மூன்றாவதும் அப்படித்தான், பல கேம்களில் மார்பில்தான் போய் ஒட்டும். நேருக்கு நேர் சுடும் கேமில் அது சரி. 2015இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5இல் மயக்க ஊசித் துப்பாக்கியால் உடம்பில் சுட்டால் அவன் விழக் கொஞ்ச நேரம் பிடிக்கும், தலையில் பட்டால் உடனே விழுவான். அந்தக் கொஞ்ச நேரம்தான் அலர்ட்டுக்கும் (எல்லாக் காவலர்களும் உஷாராவதற்கும்) அமைதிக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் அந்த கேமிடம் எனக்கு மரியாதை உண்டு. ஹெட்ஷாட்டாகவே அடித்துக்கொண்டிருந்தால் பிறகு வரும் காவலர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருவார்கள். இரவிலேயே புகுந்து பழகினால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். எதிரி பார்த்ததும் நேரத்தை மெதுவாக்கிக் காப்பாற்றும் ரிஃப்ளெக்ஸ் மோட் பற்றி நிறையப் பேர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, செட்டிங்கில் ஒரே தட்டில் போய்விடும்.

பதில் 5

யாரும் தீஃப் கேமின் பேரை எடுக்கவில்லையே. 1998இல் வந்தது. அதில் வில்லுக்கு க்ராஸ்ஹேரே கிடையாது. நாணை இழுத்துப் பிடித்து, அம்பு எவ்வளவு தாழும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு விட வேண்டும். ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் கை ஆடத் தொடங்கிவிடும்.

முக்கியமானது என்னவென்றால், அந்த அம்பு ஆளைக் கொல்ல அல்ல. எக்ஸ்பர்ட் என்ற கடின நிலையில் மனிதரைக் கொன்றாலே ஆட்டம் தோல்வி. நீர் அம்பு விட்டுத் தீப்பந்தத்தை அணைக்கலாம், பாசி அம்பு விட்டுத் தரையை மெத்தென்று ஆக்கலாம். அந்தத் தீப்பந்தம் தூரத்தில் இருக்கும், கீழே காவலன் நடந்துகொண்டிருப்பான். அம்பு தவறினால் வெளிச்சம் அப்படியே இருக்கும், கையில் ஒரு நீர் அம்பு குறைந்திருக்கும். இருட்டு வேண்டுமா, நானே என் கையால் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தானாகச் செய்து தரும் பட்டன் ஒன்று இருந்தால் அந்த கேமில் பாதி காணாமல் போகும். ஆகவே தொடக்கப் பதிவு எழுதிய நண்பரே, கை வேலை வேறு, மூளை வேலை வேறு என்று நீங்கள் பிரித்தது எல்லா கேமுக்கும் செல்லாது. இங்கே யோசனையே கை வழியாகத்தான் நடக்கிறது. 3ஆம் பதில் எழுதியவருக்கு ஒரு க்ராஸ்ஹேரை மட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றால் மனதாரச் சம்மதம். எல்லாருக்கும் கட்டாயமாக வைத்தால்தான் எதிர்ப்பேன்.

பதில் 6

தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடும் ஸ்னைப்பர் எலீட் ஆடுபவன். மூச்சைப் பிடித்தால் தோட்டா எங்கே போய் விழும் என்று சிவப்புக் குறி காட்டும். ஆத்தென்டிக் என்ற கடின நிலையை வைத்தால் காட்டாது. காட்டினாலும் காட்டாவிட்டாலும் என் தலைவலி வேறு: சுட்ட சத்தத்தை மறைக்க மேலே விமானம் போகும்வரை காத்திருக்க வேண்டும், இல்லை ஒரு ஜெனரேட்டரைக் கெடுத்து வைக்க வேண்டும். சிவப்புக் குறி அதற்கு ஒரு உதவியும் செய்யாது.

பதில் 7

தொடக்கப் பதிவு எழுதியவன். தீஃப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அந்த வில்லைத் தொடக் கூடாது. ஆனால் எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2023இல் வந்த அசாசின்ஸ் கிரீட் மிராஜில் அசாசின்ஸ் ஃபோகஸ் இருக்கிறது. பதுங்கிக் கொன்றால் நிரம்பும், பிறகு பலரைக் குறித்துத் தட்டினால் ஒருவன் பின் ஒருவனாக விழுவார்கள். சம்பாதிக்கும் விதி அப்படியே இருக்கிறது, பிறகும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கவனித்தேன். கன்விக்‌ஷனில் சாம் நின்ற இடத்திலிருந்து சுடுவார், அதனால் நான் எங்கே நிற்கிறேன் என்பது பெரிய விஷயம். இங்கே நாயகன் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவிப் போய்விடுகிறான். நடுவில் இருக்கும் வெளியை, அதாவது யார் கண்ணிலும் படாமல் நான் கடக்க வேண்டிய அந்தப் பத்தடியை, கேம் தின்றுவிடுகிறது. குறி பார்ப்பதை வாங்கிக்கொள், நடப்பதை என்னிடம் விடு.

3ஆம் பதில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன லாஸ்ட் ஆஃப் அஸில் குப்புறப் படுத்தால் எதிரி கண்ணிலேயே படாத செட்டிங்கும் உண்டே, அதை வைத்திருக்கிறீர்களா?

பதில் 8

3ஆம் பதில் எழுதியவன்தான். இல்லை, அதை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். அது தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், பார்வைக் குறை உள்ளவர்களுக்கு அது பெரிய துணை, கட்டாயம் இருக்கட்டும். எனக்குக் குறை கையில்தான். அதனால் லாக் ஆன் மட்டும் முழு அளவில், எதிரிகளின் பார்வையும் காதும் கேம் கொடுத்தபடியே. புல்லில் படுத்திருக்கும்போது நாய் பக்கத்தில் வந்தால் எனக்கும் மூச்சு நிற்கத்தான் செய்கிறது.