கீபோர்டு எழுந்ததும் படிவத்தின் கடைசிப் பெட்டி மறைந்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். ஜெட்பேக் கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளை அமைக்கும் கருவித்தொகுப்பு) எழுதிய எங்கள் செயலியில் பெயர், தெரு, ஊர், பின்கோடு ஆகியவற்றைக் கேட்கும் முகவரிப் படிவமும், அதன் அடியில் 'சேமி' பட்டனும் உள்ளன. செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை இலக்காகக் கொண்டது என்று சொல்லும் டார்கெட் எஸ்டிகே எண்ணை 34-லிருந்து 35-க்கு உயர்த்திய பிறகு, ஆண்ட்ராய்டு 15 போன்களில் பின்கோடு பெட்டியைத் தொட்டவுடன் கீபோர்டு எழுந்து பெட்டி, பட்டன் இரண்டையும் மூடிவிடுகிறது. செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில், கீபோர்டு எழும்போது உள்ளடக்கத்தைச் சுருக்கச் சொல்லும் அட்ஜஸ்ட்ரீசைஸ் கொடுத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டு 14-இல் சிக்கலே இல்லை. கீபோர்டின் உயரத்தை நாங்களே கணக்கிட்டு அடியில் இடம் விட வேண்டுமா?

மறுமொழி:
கணக்கிட வேண்டாம். பரிந்துரைப் பட்டை இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து அந்த உயரம் கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். 35-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் திரையின் விளிம்புவரை வரையப்பட வேண்டும் என்பதை ஆண்ட்ராய்டு 15 கட்டாயமாக்கிவிட்டது. முன்பு அட்ஜஸ்ட்ரீசைஸ் என்று சொன்னால் சிஸ்டமே உள்ளடக்கத்துக்கான இடத்தைச் சுருக்கித் தந்தது; இப்போது கீபோர்டு எடுத்துக்கொண்ட இடத்தை இன்செட் அளவாக, அதாவது திரை ஓரத்தில் மறைபடும் பகுதியின் அளவாகத் தெரிவிப்பதோடு நின்றுகொள்கிறது, ஒதுங்குவது நம் பொறுப்பு. ஆகவே படிவத்தைத் தாங்கும் காலமில் (பெட்டிகளை மேலிருந்து கீழாக அடுக்கும் Column), கீபோர்டு அளவுக்கு அடியில் இடம் விடும் ஐஎம்இபேடிங் மாடிஃபையரை முதலிலும், உள்ளடக்கத்தை மேலும் கீழும் உருட்ட உதவும் வெர்ட்டிகல்ஸ்க்ரோலை அதற்கு அடுத்தும் எழுதுங்கள். வரிசையை மாற்றினால் அந்த இடைவெளி உருளும் உள்ளடக்கத்துக்குள் போய்விடும், உருளும் பரப்போ கீபோர்டுக்கு அடியிலேயே கிடக்கும். மேனிஃபெஸ்ட் வரி அப்படியே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெட்டி இப்போது தெரிகிறது. ஆனால் கீபோர்டுக்கும் பட்டனுக்கும் நடுவே, நேவிகேஷன் பாரின் உயரம் அளவுக்கு வெற்றிடம் விழுகிறது.

மறுமொழி:
திரையின் சட்டகமான ஸ்கஃபோல்டு, உள்ளடக்கத்தைச் சுற்றி விடச் சொல்லித் தரும் இன்னர்பேடிங்கில் நேவிகேஷன் பாரின் உயரம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது; கீபோர்டின் இன்செட்டிலும் அதே உயரம் உண்டு. இரண்டும் கூடிவிடுகின்றன. இன்னர்பேடிங்கைப் போட்டவுடன் அந்த இடம் ஏற்கெனவே விடப்பட்டுவிட்டது என்று குறிக்கும் கன்ஸ்யூம்விண்டோஇன்செட்ஸுக்கும் அதையே கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஐஎம்இபேடிங்கை எழுதினால் வெற்றிடம் மறைந்துவிடும்.

மற்றொரு மறுமொழி:
இதே படிவத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்கோட்டுக்கு எண் கீபோர்டும், முதல் மூன்று பெட்டிகளுக்கு நெக்ஸ்ட் பொத்தானும், கடைசியில் டன் பொத்தானும் வரும்படி கீபோர்டுஆப்ஷன்ஸில் அமைத்தால், பயனர் ஒவ்வொரு பெட்டியாக விரலால் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் இயங்கும் ஆன்வேல்யூசேஞ்சுக்குள் ட்ரிம் செய்யும் (உரையின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளியை வெட்டும்) பழக்கம் இருந்தால் தயவுசெய்து நீக்குங்கள்: தெருப் பெட்டியில் 'காந்தி' என்று அடித்து இடைவெளி விட்டவுடன் அது வெட்டப்பட்டு 'காந்திதெரு' என்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் கீபோர்டுகளில், சொல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே உரையை நாம் திருத்தினால் பாதிச் சொல் குலைந்துவிடும். 'சேமி' அழுத்தும்போது ட்ரிம் செய்தால் போதுமானது.