எல்லாருக்கும் தெரியுது, ஆனா செய்ய மாட்டேங்குறாங்க. எப்படி சொன்னா கேப்பாங்க?

மழைக்குருவி:
வணக்கம் மக்களே. வளரும் நாடுகள்ல சுகாதார வேலை பாக்குற ஒரு டீமுக்கு மெசேஜ் எழுதிக் குடுக்குறேன். கிருமி படம் போட்ட போஸ்டர், நோட்டீஸ் எல்லாம் போயாச்சு. எப்பப்ப கை கழுவணும்னு கேட்டா ஒப்பிக்கிறாங்க, ஆனா டாய்லெட் போயிட்டு வந்து சோப்பத் தொடுறதில்ல. இன்னும் பயமுறுத்தி எழுதணுமா?

நைட்ஷிப்ட்:
வேணாம் சாமி. 2014ல எபோலா வந்தப்ப மேற்கு ஆப்பிரிக்காவுல முதல்ல இதுக்கு மருந்தே இல்லன்னு பரப்பிட்டாங்க, மருந்தில்லாத நோய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு நிறைய பேர் வீட்லயே வச்சுப் பாத்தாங்க, அதுல இன்னும் பரவுச்சு. அந்த மெசேஜ நம்பித்தான ஜனங்க அப்படி செஞ்சாங்க?

உங்க கேஸுக்கு ஆந்திராவுல சித்தூர் மாவட்டத்துல நடந்த 'சூப்பர் அம்மா'ங்கற கை கழுவுற பிரச்சாரத்த பாருங்க. கிருமி, வியாதி பேச்சயே எடுக்கல. புள்ளைய நல்லா வளக்குற ஒரு அம்மா, கை கழுவாம லட்டு பிடிக்கிற ஒரு அருவருப்பான ஆளு, அப்புறம் ஊர் முன்னாடி உறுதிமொழி. ஆறு மாசம் கழிச்சு வீட்டுக்குப் போய் பாத்தப்ப, கழுவ வேண்டிய நேரத்துல சோப்பு போட்டது 37 சதவீதம், இது நடக்காத ஊர்ல 6 தான். 37ங்கறது பாதி கூட இல்ல, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

உப்புக்கல்லு:
மெசேஜ விட சொல்றவங்களப் பாருங்க பாஸ். பங்களாதேஷ்ல 1980லருந்து பிராக்ங்கற தொண்டு நிறுவனத்து ஆளுங்க வீடு வீடா போய் பேதிக்கு உப்பு வெல்லத் தண்ணி கரைக்கக் கத்துக்குடுத்தாங்க, மூணு விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணி. கத்துக்கிட்ட அம்மா பின்னாடி எவ்ளோ ஞாபகம் வச்சிருக்காங்கங்கறத வச்சுத்தான் கத்துக்குடுத்தவங்களுக்கு சம்பளமே. அப்படியும் மொதல்ல யாரும் பெருசா யூஸ் பண்ணல, ஏன்னு தோண்டிப் பாத்தா சொல்லப் போனவங்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல! அப்புறம் அவங்களுக்கே பேதி வந்தா அதத்தான் குடிக்கணும்னு ஆச்சு, ஆம்பளைங்ககிட்டயும் சந்தைலயும் மசூதிலயும் போய் பேசினாங்க.

நைட்ஷிப்ட்:
+1. ஆமா மழைக்குருவி, டாய்லெட்டுக்கு வெளிய சோப்பு இருக்கா மொதல்ல?

மழைக்குருவி:
டீம்ல இப்பதான் கேட்டேன். தண்ணி ஒரு பக்கம், சோப்பு வீட்டுக்குள்ள. அதுவும் குளிக்கிறதுக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்காங்களாம். இந்த வாட்டி போஸ்டர நிறுத்திட்டு அந்தக் காசுல கை கழுவுற இடம் செஞ்சு குடுக்கலாமான்னு கேட்டுப் பாக்குறேன்.