புதுப்பிப்பு: திராட்சைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்

தண்ணீர் குறைந்தால் ஒயின் திராட்சை தரமாக வரும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். பாதிதான் சரி. பழுக்கும் முன் லேசாகக் காயவிட்டால் பழம் சிறுக்கும், சாற்றைவிடத் தோலின் பங்கு கூடும்; நிறமும் துவர்ப்பும் தோலில்தானே!

ஆனால் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் கணக்கே வேறு. வாடிய கொடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் குறைந்துபோகும், நீர் வற்றிச் சர்க்கரை மட்டும் செறியும், கறுக்க வேண்டிய தோல் மங்கலாகவே நிற்கும். மேற்கு வெயில் பட்ட பக்கம் பழுப்பேறிச் சுருங்கிய பழத்தைக் கடித்தால் சதை தித்திக்கும், விதை பச்சையாய்க் கசக்கும்.

பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவில் சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சைக்கு இதே கவலை. நினைத்தபோது பாய்ச்சவும் அங்கே விதி இடம் தராது. அதனால்தான் 2021இல் வெயில் தாங்கும் போர்ச்சுகல் ரகமான தூரிகா நசியோனால் உட்பட 6 புது ரகங்களை அனுமதித்தார்கள், ஒயின் கலவையில் 10 சதவீதம் வரை. வெயிலை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பேசியது என் தவறு.