ஹயாலுரோனிக், சிலிகான், பாலிகுவாட்டர்னியம்: ஈரத்தைப் பூட்டுவது எது?

தென்றல்
மாய்ஸ்சரைசர் லேபிளில் சோடியம் ஹயாலுரோனேட், பாலிகுவாட்டர்னியம்-51, டைமெத்திகோன், கார்போமர் நான்கும் இருக்கின்றன. எல்லாமே பாலிமர்தானே (நீண்ட சங்கிலி மூலக்கூறு), இதில் ஈரத்தைத் தடுத்து நிறுத்துவது எது? ஹயாலுரோனிக் சீரம் மட்டும் போட்டால் சிறிது நேரத்தில் தோல் இழுக்கிறது. அதன்மேல் சிலிகான் கிரீம் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வருகிறது. ஏன்?

லேப்மேசை
பாலிமர் என்பது பொதுப்பெயர்தான், வேலை வேறுவேறு. ஹயாலுரோனேட் (ஹயாலுரோனிக் அமிலத்தின் உப்பு) தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் மூடாது. 1000 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடையுள்ள பெரிய மூலக்கூறு வகை தோலின் மேலேயே தங்கி மெல்லிய படலமாகும். காற்று வறண்டிருந்தால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, படலம் சுருங்கும். நீங்கள் சொல்லும் இழுப்பு அதுதான்.

உண்மையான மூடி டைமெத்திகோன் என்ற சிலிகான். ஆனாலும் நீராவி அதன் வழியே ஓரளவு வெளியேறும். பெட்ரோலாட்டம் (வாசலின்) அடைக்கும் அளவுக்கு இது அடைக்காது. தோல் வெடித்திருந்தால் சிலிகானை மட்டும் நம்பாதீர்கள்.

பாலிகுவாட்டர்னியம்-51 நல்ல சரக்கு. செல் சவ்வில் இருக்கும் பாஸ்ஃபோரில்கோலின் அமைப்பு இதிலும் உண்டு. தண்ணீரைப் பிடித்துக்கொண்டே மென்மையான படலமாகப் படியும். கார்போமர் வெறும் கெட்டிப்பான்.

ஜெல்பதம்
திரியும் பிரச்சினைக்கு முதலில் ஒரு சோதனை: சீரம் ஒரு துளி, கிரீம் ஒரு துளி, இரண்டையும் உள்ளங்கையில் குழையுங்கள். அங்கேயே தயிர்போல் திரிந்தால் ஃபார்முலாக்கள் ஒத்துப்போகவில்லை. எதிர்மின்னேற்றக் கார்போமரும் பாலிகுவாட்டர்னியம்-10 போன்ற நேர்மின்னேற்றப் பாலிமரும் சந்தித்தால் இப்படி ஆகும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரியாகாது, ஒன்றை மாற்றத்தான் வேண்டும். (51 அப்படியல்ல, அதில் இரு மின்னேற்றமும் ஒரே அலகில் இருக்கின்றன.)

கையில் வழவழப்பாகக் கலந்தால் தவறு தடவும் விதத்தில். பாதி காய்ந்த படலத்தைத் தேய்த்தால் உரிந்து சுருளும். சீரத்தை 2–3 துளியாகக் குறைத்து, ஈரத் தோலில் பரப்புங்கள். ஒட்டும் பதம் போனதும் கிரீமைத் தேய்க்காமல் ஒற்றி வையுங்கள்.

லேப்மேசை
ஒற்றி வைப்பதுதான் சரி. ஆனால் முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டாம், பூட்ட வேண்டிய தண்ணீர் அதற்குள் போய்விடும்.

தென்றல்
சீரத்தை நாமே கலக்கலாமா?

ஜெல்பதம்
100 கிராமுக்கு: ஹயாலுரோனேட் பொடி 0.5, கிளிசரின் 5, பாதுகாப்பான் 1, காய்ச்சி வடித்த நீர் 93.5. பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த மாவோடு மீன்கண் கட்டிகள் மிதக்கும். முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து, மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கட்டி இருக்காது. பாதுகாப்பானைச் சேர்த்துக் கிளறி, பிஎச் 5–6 இருக்கிறதா பாருங்கள். பொடியை 1% தாண்ட விடாதீர்கள். குழம்பு கெட்டியாகும், திரிவதும் கூடும்.